வட்டத்துக்குள் நின்ற மன்னர்: வணிகமும் மனித உறவும்

கோச்சடையில் பலசரக்குக் கடை நடத்திவரும் நம் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தபோது ஒரு கேள்வியை முன்வைத்தார். மேலக்கால் சாலையை ஒட்டி இருபது ஆண்டுகளாக அவருக்கு ஒரே கடை. அல்லாஹ்வின் அருளால் இப்போது இரண்டாவது கடைக்கு இடம் பார்த்திருக்கிறார். கணக்குப் பார்க்கும் நண்பர் ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்: புதிய கடையில் பற்று நோட்டே வேண்டாம், பழைய கடையிலும் அதை மூடிவிடலாம், கைப்பேசியைக் காட்டினால் பணம் வந்து விழும் காலத்தில் கடன் கொடுத்து யார் வளர்ந்தார்கள்? நோட்டில் நிற்கும் வராக்கடன் சிறிய தொகையன்று என்பதையும் சகோதரர் மறைக்கவில்லை. ஆயினும் அந்த நோட்டை மூடினால் கடையின் பாதி உயிர் போய்விடும் என்று அவருக்கு ஓர் அச்சம்.

பெரியவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். நாம் அன்று எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. கடனும் நம்பிக்கையும் வணிகத்தில் எப்படி உறவாடின என்பதற்கு இந்த மதுரை மண்ணிலேயே எழுநூறு ஆண்டுப் பழைய சான்றுகள் உண்டு. அவற்றைத் தேடி எடுத்தபோது, எளிதாக ஒரு விடை சொல்லிவிட முடியாது என்றும் தெரிந்தது.

கோச்சடை என்னும் பெயரே பாண்டியரை நினைவூட்டுவது. பாண்டிய மன்னர்கள் சடையவர்மர், மாறவர்மர் என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள். கல்வெட்டுகளில் முதல் பட்டம் ‘கோச்சடைய பன்மர்’ என்று வரும். 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியனுக்குப் பின், 1268 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆண்டவர் மாறவர்மன் குலசேகரபாண்டியன். அக்காலத்தில் அரபு வணிகர்கள் இந்தச் சோழமண்டலக் கரையை ‘மஅபர்’ என்று அழைத்தனர். கடந்து செல்லும் துறை என்று பொருள். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகம் அவர்களுடைய தலைவாசல்.

1290களின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில் மார்க்கோ போலோ இக்கரையைக் கண்டார். பிற்பாடு 1298இல் ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபடி தம் பயணத்தை அவர் சொல்ல, உடனிருந்த கைதி ஒருவர் எழுதினார். அதில் மஅபர் நாட்டு வழக்கம் ஒன்று வருகிறது. கடன் வாங்கியவர் இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று இழுத்தடித்தால், கடன் கொடுத்தவர் அவரைக் காணும் இடத்தில் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடலாம். பணத்தைக் கொடுத்தோ, பிணை கொடுத்தோ தீர்க்காமல் அவர் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. இதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாகவும் மார்க்கோ போலோ சொல்கிறார். அங்கே வட்டத்துக்குள் நின்றவர் நாட்டின் மன்னரே! அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குத் தர வேண்டிய பணத்தை மன்னர் பலமுறை தள்ளிப்போட்டிருந்தார். ஒருநாள் அவர் குதிரையில் செல்கையில் அந்த வணிகர் மன்னரையும் குதிரையையும் சேர்த்து வட்டமிட்டுவிட்டார். மன்னர் கடிவாளத்தை இழுத்து நின்றார். வணிகருக்கு நிறைவு ஏற்படும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பயணிகள் கதையை வளர்த்துச் சொல்வது உண்டு. மார்க்கோ போலோவும் அதற்கு விலக்கல்லர். ஆனால் 1500களின் தொடக்கத்தில் கள்ளிக்கோட்டைக்கு வந்த வர்த்தமா என்னும் மற்றோர் இத்தாலியரும் பச்சைக் கிளையால் கடனாளியைச் சுற்றி வட்டமிடும் இதே வழக்கத்தைக் குறிக்கிறார். ஆகவே, இதனை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

இந்த வட்டத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அதை வரைய ஆட்சியாளரின் முத்திரை தேவையில்லை, பத்திரம் தேவையில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் நேரில் வர வேண்டும். கடன்பட்டவரின் முகத்தைப் பார்த்தபடி குனிந்து கோடு கிழிக்க வேண்டும். சுற்றி நிற்கும் மக்கள் பார்க்க வேண்டும். அந்நியர் ஒருவர் அரசரிடமே இதைச் செய்ய முடிந்தது என்றால், அத்துறைமுகங்களில் கப்பல்கள் ஏன் வந்து குவிந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. காயலின் ஆட்சி நீதியுடையது என்றும், அயல்நாட்டு வணிகரை அது ஆதரிப்பதால் அவர்கள் விரும்பி வருகிறார்கள் என்றும் மார்க்கோ போலோவே எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வணிகத்தின் தலையாய சரக்கு குதிரை. பாண்டியர்களுக்குப் படைக்குதிரைகள் வேண்டும். இந்த மண்ணிலோ நல்ல குதிரை வளர்வதில்லை. பாரசீக வளைகுடாவில் கீஷ் என்னும் சிறு தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் அத்தீபி என்பவர், தம் சொந்தக் குதிரைகளிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். அவருடைய காலத்தவரான பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதைப் பதிவு செய்கிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலிலேயே இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியக் கருவூலம் விலை கொடுத்துவிடும் என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. இன்று எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளாது.

இத்தகைய உடன்பாடு சாத்தியமானதற்குக் காரணம் ஒரு மனிதர். ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் கடலின் இக்கரையில் குடியிருந்தார். காயல் முதலான மூன்று துறைகளின் பொறுப்பு அவரிடம் இருந்தது. பாண்டிய அரசவையில் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். மன்னருக்கு ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அரண்மனையிலேயே ஓர் ஆள் இருந்தார். கீஷில் இருப்பவருக்குக் கவலை எழுந்தால் எழுதுவதற்கு உடன்பிறந்தவர் இருந்தார். தகீயுத்தீனுக்குப் பின் அவருடைய மகனும் அதே பொறுப்பில் தொடர்ந்தார். ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் சீனப் பேரரசரின் அவைவரை தூது சென்று, திரும்பும் வழியில் மஅபரை எட்டச் சிறிது தொலைவே இருக்கையில் 1305 வாக்கில் காலமானார். அவருடைய சிறிய தந்தையின் கப்றுக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். கடல் கடந்து பொருள் தேடிய ஒரு குடும்பம், நம் கரையில் தன் ஜனாஸாக்களையும் விட்டுச்சென்றது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் அழகான கதைதான். நம் மேடைகளில் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்தி, முன்னோரின் பெருமையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். மீதியையும் சொல்வது நம் கடமை.

குதிரை விற்பவரின் சகோதரரே குதிரை வாங்கும் அரசின் அமைச்சர் என்பது, இன்றைய தணிக்கையாளர் யாராக இருந்தாலும் சிவப்பு மையால் அடிக்கோடிட வேண்டிய செய்தி. அதுவுமன்றிச் சீனத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்திறங்கும் சரக்கில் மலிக்குல் இஸ்லாமின் ஆட்கள் வேண்டியதைப் பொறுக்கிக்கொண்ட பிறகே மற்றவர் வாங்க முடிந்தது. உறவு என்பது கதவாகவும் இருக்கும், வேலியாகவும் இருக்கும். சிறிய வணிகர் ஒருவர் அன்று காயல் கரையில் நின்றிருந்தால் அவருக்கு அந்தப் பெரிய உறவு எவ்வாறு தோன்றியிருக்கும்?

இதைவிடக் கசப்பான செய்தியை மார்க்கோ போலோ தருகிறார். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு தேறுவதில்லை. காரணம், குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லை. சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்கள். குதிரை வைத்தியரும் லாடம் கட்டுவோரும் இல்லை. குதிரை கொண்டுவரும் வணிகர்கள் அத்தகையோரைத் தம்முடன் அழைத்து வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டு மீண்டும் விற்கலாம்!

மார்க்கோ போலோ வெனிஸ் நகரத்து வணிகர். மற்ற வணிகரைப் பற்றி அவர் சொல்வதைச் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் இந்நாட்டுத் தீனியாலும் பயிற்சியின்மையாலும் குதிரைகள் விரைவில் நலிந்துபோயின என்பதை வஸ்ஸாஃபும் சொல்லியிருக்கிறார். விற்றவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. மன்னரோடு அவர்களுக்கு உறவு இருந்தது. அமைச்சரவையில் இடம் இருந்தது. அந்தக் குதிரையின் கயிற்றைப் பிடித்து நின்ற லாயக்காரரோடு உறவு இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளை அனுப்பியிருந்தால் விற்பனை குறைந்திருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மதரஸாவில் படித்திருப்பார்கள். மேலே உலர்ந்து தெரிந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று விற்றவர் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். அந்த வணிகர் நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குபவருக்குத் தெரியாததை விற்பவர் தம் இலாபமாக மாற்றிக்கொள்வதே தடுக்கப்பட்டது. மஅபரின் குதிரை வணிகத்தில் ஈரம் அடியில்தான் இருந்தது. முகம் பார்த்துச் சிரிப்பதும், விருந்து அளிப்பதும், பெருநாளுக்கு இனிப்பு அனுப்புவதும் மட்டுமே உறவாகிவிடா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம்.

மன்னர்களும் மலிக்குகளும் இருக்கட்டும். கையில் எதுவும் இல்லாமல் தொடங்கியவரைப் பார்ப்போம்.

மக்காவில் செல்வராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அனைத்தையும் விட்டுவிட்டு ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரையும் மதீனாவைச் சேர்ந்த ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் (ரலி) தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் வாங்கி விற்று, இலாபத்தோடு திரும்பினார்கள். சில நாட்களில் திருமணம் முடித்து, பேரீச்சங்கொட்டை எடைப் பொன்னை மஹராகக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள்.

இதனைத் தன்மானத்தின் சான்றாக மட்டுமே பலரும் எடுத்துரைப்பார்கள். அது சரியே. ஆனால் அப்துர் ரஹ்மான் (ரலி) ஸஅத் (ரலி) அவர்களிடம் எதையுமே பெறவில்லை என்று சொல்லிவிட முடியுமா? பணத்தைப் பெறவில்லை. தங்க ஓர் இடமும், வழிகாட்ட ஒரு மனிதரும், ‘இவர் என் சகோதரர்’ என்று ஊரார் முன் நிற்க ஓர் ஆளும் கிடைத்தார்கள். அந்நியர் ஒருவர் புதிய சந்தையில் முதல் நாள் நெய் வாங்க நிற்கும்போது இதன் மதிப்பு என்ன என்பதைச் சொந்தமாகக் கடை தொடங்கிய எவரும் அறிவார்கள். முதலீடு சிறியது, அறிமுகம் பெரியது.

உறவை நம்பி எழுதாமல் விட்டுவிடலாமா என்றால், கூடாது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். அது பேசுவது கடனைப் பற்றி: தவணையிட்டுக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், நேர்மையோடு எழுதுபவர் எழுதட்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள், தொகை சிறிதாயினும் சலிப்படையாதீர்கள் என்று அந்த வசனம் அறிவுறுத்துகிறது. அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், கடன்பட்டவர் இடுக்கணில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று வருகிறது. எழுதுவதும் இரங்குவதும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. எழுதாத கடன் உறவைக் கெடுக்கும் என்பதை நம் குடும்பங்களில் பார்க்காதவர் யார்?

கடல் வணிகர்கள் எழுதினார்கள்; அத்தோடு நலமும் விசாரித்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் வாழ்ந்த பென் யிஜு என்னும் யூத வணிகருக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றில் கிடைத்தன. ஏடனில் வணிகர் தலைவராக இருந்த மத்மூன், மிளகுக் கணக்கையும் இரும்புக் கணக்கையும் எழுதும் அதே கடிதத்தோடு, நண்பருக்குக் காகிதமும் சர்க்கரையும் உலர்திராட்சையும் அன்பளிப்பாக அனுப்புகிறார். மங்களூரில் நல்ல காகிதம் கிடைக்காது என்று ஏடனில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கடிதங்களில் முஸ்லிம் பெயர்களும் வருகின்றன. ‘ஃபத்தன்சுவாமி’ என்று ஒரு கப்பல் உரிமையாளரும் வருகிறார். நம் ‘பட்டணசுவாமி’தான் அரபு நாவில் அவ்வாறு ஒலித்திருக்கிறார். ஏலக்காய் வாங்கித் தருவதாக முன்பணம் பெற்ற உள்ளூர்த் தரகர் ஒருவர் சரக்கைத் தராமல் இழுத்தடித்த விவகாரமும் கடிதத்துக்குக் கடிதம் தொடர்கிறது. அன்பளிப்பு அனுப்பிய கைகளே கடுமையான வரிகளையும் எழுதின.

இவையெல்லாம் பெருவணிகர்கள் கதை என்று நம் கோச்சடைச் சகோதரர் சொல்லக்கூடும். அவருக்குப் பினாங்கைச் சொல்வோம். கப்பித்தான் கெலிங் என்று பட்டம் பெற்ற காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் இன்றும் அங்கே தொழுகையோடு விளங்குகிறது. அந்நகரத்துக்குத் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற முஸ்லிம்கள் பலருக்குக் கடை வைக்க வகையில்லை. காவடித் தண்டின் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. அதைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகவும் துறைமுகத் தொழிலாளர்களிடமும் விற்றார்கள். அந்தத் தோள்தண்டின் பெயராலேயே ‘நாசி கண்டார்’ என்று உணவுக்குப் பெயர் வந்தது. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் போன்றவை அந்தத் தோள்களிலிருந்து இறங்கி நின்ற கடைகள். இன்றும் நாசி கண்டார் கடையில் பரிமாறுபவர் முகத்தைப் பார்த்து, எந்தக் குழம்பு எவ்வளவு என்று கேட்டுக் கலந்து ஊற்றுவதுதான் வழக்கம். பெயர்ப்பலகையே இல்லாத அந்த நாட்களில், தோளில் தண்டோடு வந்த மனிதர்தான் கடை. அவர் ஒருநாள் வராவிட்டால் கடை மூடியிருக்கிறது என்று பொருள்.

கடை வளரும்போது இடர் இங்கேதான் வருகிறது. முதல் கடையில் உரிமையாளர்தான் கடை. அவருக்கு யார் வீட்டில் கல்யாணம், யார் வேலை இழந்தார், யார் கேட்கக் கூச்சப்படுவார் என்று தெரியும். இரண்டாவது கடையில் அவர் இருக்கப்போவதில்லை. அங்கே சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைக்குப் பொருளின் விலை தெரியும். வாங்க வருபவரைத் தெரியாது. கீஷின் ஜமாலுத்தீனுக்கும் இதே சிக்கல்தான். தம்மால் இரு கரையிலும் இருக்க முடியாது என்பதால் உடன்பிறந்தவரை அனுப்பினார். அனுப்பியவர் மன்னரை மட்டும் பார்த்தார், லாயத்தைப் பார்க்கவில்லை. நோட்டை வைத்திருப்பதா மூடுவதா என்பதைவிட, புதிய கடையில் யார் நிற்பார், அவர் யாரையெல்லாம் அறிந்திருப்பார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று நமக்குப் பட்டது.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் இதைச் சகோதரரிடம் சொன்னோம். பாண்டிய மன்னர் வட்டத்துக்குள் நின்ற கதையைக் கேட்டுச் சிரித்தார். ‘கோடு போட்டால் நம்ம ஆட்கள் தாண்டிப் போயிருவாங்க’ என்றார். குதிரை வைத்தியர் கதையைக் கேட்டபோது சிரிக்கவில்லை.

இரண்டாவது கடை இப்போது திறந்தாகிவிட்டது. அதற்கு அமர்த்திய இளைஞரை முதல் ஒரு மாதம் அவர் பழைய கடையிலேயே தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இருவரும் சேர்ந்து பற்று நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். இரண்டு கடைகளிலும் நோட்டு இருக்கிறது. முன்புபோல் மனக்கணக்கு இல்லை; ஒவ்வொரு வரிக்கும் தேதி உண்டு, வாங்கியவர் கையெழுத்து உண்டு, ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்னும் வரம்பும் உண்டு. நெடுநாள் நிலுவையில் இருந்த வீடுகளுக்கு அவரே நேரில் போய் வந்தார். சிலர் தவணையில் தர ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் முகம் கொடுத்தே பேசவில்லை.

நேற்று சர்க்கரை வாங்கப் போனபோது கல்லாவின் மேல் நோட்டு திறந்து கிடந்தது. ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு குறுக்குக்கோடு. எவர் கணக்கு என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு, ‘ரெண்டு கிலோவா பாய்?’ என்று கேட்டார்.